விமானி ஆகப் போகிறீர்களா? ஓய்வுக் கணக்கைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒரு விமான நிறுவனத்தின் சீனியாரிட்டி பட்டியலை முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. வரிசை எண், பெயர், சேர்ந்த தேதி, பிறந்த தேதி, ஓட்டும் விமான ரகம், கேப்டனா கோ-பைலட்டா என்ற விவரம். அவ்வளவுதான். ஆனால் பிறந்த தேதி இருக்கிற பத்தியில் மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பாருங்கள். பெரிய நிறுவனங்களில் விமானிகள் பொதுவாக 65 வயதில் ஓய்வு பெற வேண்டும் என்பதால், அடுத்த பத்து வருடத்தில் யார், எந்த மாதம், எந்த நாளில் இருக்கையைக் காலி செய்வார் என்பது அங்கேயே இருக்கிறது. இத்தனை துல்லியமாக எதிர்காலத்தைச் சொல்லும் பட்டியல் வேறு எந்தத் தொழிலிலும் கிடைப்பது அரிது.

அப்படியிருந்தும், விமானி ஆக வேண்டும் என்று கிளம்புகிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. "உலகம் முழுக்க பைலட் பற்றாக்குறை" என்ற ஒரு வரியை நம்பி, குடும்பத்தின் சேமிப்பையெல்லாம் பயிற்சிப் பள்ளியில் கட்டிவிடுகிறார்கள். அந்த வரி முழுப் பொய்யும் இல்லை. போயிங் நிறுவனம் 2025-ல் வெளியிட்ட கணிப்பு, 2044-க்குள் உலகத்துக்கு 6,60,000 புதிய விமானிகள் தேவை என்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஓய்வு பெறுகிறவர்கள், வேலையை விட்டுப் போகிறவர்கள் ஆகியோரின் இடத்தை நிரப்புவதற்கு. ஆனால் இது விமானம் தயாரித்து விற்கிற ஒரு நிறுவனம் 20 வருடத்துக்குச் சேர்த்துப் போட்ட உலகக் கணக்கு. நீங்கள் லைசன்ஸோடு வெளியே வருகிற அந்த ஒரு வருடத்தில், நீங்கள் விண்ணப்பிக்கிற அந்த ஒரு நிறுவனத்தில் இடம் இருக்குமா என்று அது சொல்லாது. அதை நீங்களே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளும் வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: மெடிக்கல்

எந்தக் கணக்குக்கும் முன்னால் முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடியுங்கள். பார்வை, நிறம் பிரித்தறிதல், காது, ரத்த அழுத்தம், ஈசிஜி எல்லாம் பார்ப்பார்கள். பயிற்சியில் பாதி தூரம் போன பிறகு நிறப் பார்வைக் குறை இருப்பது தெரியவந்தால், கட்டின பணத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். பள்ளியில் சேர்ந்ததும் "மெடிக்கல் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

இந்தப் பரிசோதனை ஒரு தடவையோடு முடிவதும் இல்லை. பொதுவாக வருடத்துக்கு ஒரு முறை. வயது ஏறினால் பல நாடுகளில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஓய்வு வயதைத் தொடாமலே பலர் வெளியேற வேண்டி வருவது இதனால்தான். இந்த விஷயம் பின்னால் வருகிற கணக்குக்கும் தேவைப்படும்.

இரண்டாம் படி: 65 என்ற எண் எங்கிருந்து வந்தது

அமெரிக்காவின் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான எஃப்ஏஏ 1959-ல் விதி போட்டு, 1960 முதல் 60 வயதோடு விமான நிறுவன விமானிகளை நிறுத்தியது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ, 2006 நவம்பரில் சர்வதேசப் பயணங்களுக்கான வரம்பை 65 ஆக்கியது. ஒரே ஒரு நிபந்தனை: 60-ஐத் தாண்டியவர் பக்கத்தில் இருக்கிற இன்னொரு விமானி 60-க்குக் கீழே இருக்க வேண்டும். 2014 நவம்பரில் அந்த நிபந்தனையும் போனது. அமெரிக்கா 2007 டிசம்பர் 13-ல் சட்டம் போட்டு 65-க்கு வந்தது.

உள்நாட்டுப் பயணங்களுக்கு நாடுகள் தனி விதி வைத்துக்கொள்ளலாம். ஜப்பான் 67 வயது முடியும் வரை விடுகிறது. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் சட்டத்தில் இப்படி ஒரு வயது வரம்பே கிடையாது. ஆனாலும் எல்லை தாண்டிப் பறக்கிற பெரிய நிறுவனத்தின் கணக்கு 65-ஐச் சுற்றித்தான் நடக்கிறது.

2007-ல் அமெரிக்கா வரம்பை உயர்த்தியபோது நடந்ததைப் புதியவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்கு 60-ஐ எட்டவிருந்தவர்கள் எல்லோரும் இன்னும் ஐந்து வருடம் இருந்துகொண்டார்கள். 2012 டிசம்பர் வரை வயதுக்காக வெளியேறியவர் அனேகமாக யாருமே இல்லை. அதே சமயத்தில் 2008-ன் பொருளாதாரச் சரிவும் வந்து சேர்ந்தது. 2005, 2006-ல் சின்ன நிறுவனங்களில் கோ-பைலட்டாகச் சேர்ந்து, இரண்டு மூன்று வருடத்தில் மேலே போய்விடலாம் என்று நினைத்திருந்தவர்கள், கோ-பைலட்டுக்கான அதே வலது இருக்கையில், அதே குறைந்த சம்பளத்தில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த தவறு என்று ஒன்றும் இல்லை. வரிசையின் முன்பக்கம் நகரவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் படி: ஒருவர் ஓய்வு பெற்றால் எத்தனை பேர் நகர்கிறார்கள் என்று பாருங்கள்

ஒரு கேப்டனின் கடைசிப் பயணம். தரையிறங்கி, ஓடுபாதையை விட்டு விமானம் திரும்பும்போது இரண்டு பக்கமும் தீயணைப்பு வண்டிகள் நின்று தண்ணீரை வில்லாக வளைத்துப் பீய்ச்சுகின்றன. கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. அவர் வைப்பரைப் போடுகிறார். வாசலில் குடும்பம் நிற்கிறது, கேக் வெட்டுகிறார்கள். இதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். மறுநாள் அலுவலகத்தில் நடப்பதைத்தான் யாரும் படம் பிடிப்பதில்லை.

அவர் ஓட்டியது பெரிய விமானம், போயிங் 777 என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்துக்குச் சின்ன விமானமான ஏர்பஸ் ஏ320-ல் கேப்டனாக இருப்பவர் போகிறார். அவருக்குப் புதிய ரகத்தில் டைப் ரேட்டிங் பயிற்சி, அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதிப் பயிற்சி. காலியான ஏ320 கேப்டன் இடத்துக்கு 777-ல் கோ-பைலட்டாக இருக்கிற ஒருவர் வருகிறார். அவருக்கு ரகமும் புதிது, கேப்டன் பொறுப்பும் புதிது. அவர் விட்ட 777 கோ-பைலட் இடத்துக்கு ஏ320 கோ-பைலட் ஒருவர் போகிறார். அவருக்கும் பயிற்சி. கடைசியில் ஏ320 வலது இருக்கை ஒன்று காலி. அங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். ஓய்வு பெற்றது ஒருவர். பயிற்சிக்குப் போனவர்கள் உங்களையும் சேர்த்து நான்கு பேர்.

ஒவ்வொரு பயிற்சியும் சில மாதம் பிடிக்கும். முதலில் வகுப்பறை, பிறகு விமானி அறையைப் போலவே இயங்குகிற சிமுலேட்டர் கருவி, பிறகு பயிற்றுநரோடு உண்மையான பயணிகள் விமானத்தில் பல பயணங்கள். சிமுலேட்டரின் விலை அதிகம், எண்ணிக்கை குறைவு. அதனால் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு ஆரம்பிக்கிற வகுப்புகள் உண்டு. புதிதாகக் கேப்டன் ஆகிறவர் கேப்டனுக்கான இடது இருக்கையில் உட்கார்ந்ததும் அவருடைய கைகளே குழம்பும். ஏ320-ல் கோ-பைலட்டாக வலது கையில் விமானத்தைத் திருப்பும் சைட் ஸ்டிக், இடது கையில் என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவர் பிடித்துப் பழகியவர், இப்போது அப்படியே மாற்றிப் பிடிக்க வேண்டும். பழகி முடிப்பதற்குள், தரையை விட்டு எழும்பும் நொடியில் ஒரு என்ஜினை அணைத்துவிட்டு, என்ன செய்கிறார் என்று பயிற்றுநர் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே மாதத்தில் 40 பேர் ஓய்வு பெற்றாலும் நிறுவனத்தால் 40 பேரை உடனே உள்ளே எடுக்க முடியாது. பயிற்றுநர்களும் சிமுலேட்டர்களும் தாங்குகிற அளவுக்குத்தான் எடுக்க முடியும். அதனால் நல்ல நிறுவனங்கள் ஓய்வு வருவதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்பே ஆள் எடுக்கத் தொடங்கிவிடும். ஒரு நிறுவனத்தில் மூன்று வருடம் கழித்துப் பெரிய ஓய்வு வரிசை வருகிறது என்று தெரிந்தால், நீங்கள் தயாராக இருக்க வேண்டியது மூன்றாம் வருடத்தில் அல்ல, அதற்கு முன்பே. பயிற்றுநர் வேலைக்கு ஆள் தேடுகிற விளம்பரம் வந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆள்சேர்ப்பு வரப் போகிறது என்பதற்கு நான் நம்புகிற முதல் அறிகுறி அதுதான்.

நான்காம் படி: உங்கள் அட்டவணையை நீங்களே போடுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் மையமான வேலை. ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

தரவு எங்கே கிடைக்கும்? பங்குச் சந்தையில் இருக்கிற நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் விமானங்களின் எண்ணிக்கையும் வரவேண்டிய ஆர்டரும் இருக்கும்; பலவற்றில் விமானிகளின் எண்ணிக்கையும் இருக்கும். அமெரிக்காவில் விமானி சங்கங்கள் வருடவாரி ஓய்வு எண்ணிக்கையையே வெளியிடுகின்றன. எஃப்ஏஏ, லைசன்ஸ் வைத்திருப்பவர்களை வயது வாரியாகப் பிரித்து வருடந்தோறும் புள்ளிவிவரம் தருகிறது. இப்படி வெளியிடாத நாடுகளில் அந்த நிறுவனத்தில் வேலை பார்க்கிற இரண்டு பேரிடம் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் நிறுவனம் தொடங்கிய வருடத்தைப் பாருங்கள். 2005-ஐ ஒட்டித் தொடங்கி, 25 வயதுப் பிள்ளைகளையே எடுத்து வளர்ந்த நிறுவனத்தில் இன்றைய கேப்டன்களுக்கு 45 வயதுதான் இருக்கும். இன்னும் 20 வருடத்துக்கு அங்கே ஓய்வு என்ற பேச்சே இருக்காது. அங்கே உங்களுக்கு இடம் வருவதென்றால் புதிய விமானம் வந்து மட்டும்தான் வரும். பழைய நிறுவனம் என்றால் கணக்கே வேறு.

கணக்கு எப்படிப் போடுவது என்பதற்கு ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1,200 விமானிகள். 600 கேப்டன், 600 கோ-பைலட். சீனியாரிட்டி வரிசைப்படிதான் கேப்டன் ஆக்குகிறார்கள். இப்போது 64 வயதில் 30 பேர், 63-ல் 35, 62-ல் 40, 61-ல் 45, 60-ல் 50 பேர். ஆக, ஐந்து வருடத்தில் 200 பேர் போகிறார்கள். அதற்குப் பிறகு வருடத்துக்கு 50 பேர் என்று கொள்வோம். நீங்கள் 1,201-வது ஆளாகச் சேர்கிறீர்கள்.

விமானங்கள் கூடவே இல்லை என்றால், ஐந்தாம் வருட முடிவில் உங்கள் எண் 1,001. பத்தாம் வருடத்தில் 751. கேப்டன் இடம் 600 தான் என்பதால், 14-வது வருடத்தில்தான் உங்கள் முறை. வருடத்துக்கு நான்கு விமானம் வீதம் கூடி, விமானத்துக்கு ஐந்து கேப்டன் தேவைப்படுகிறது என்றால் வருடந்தோறும் 20 கேப்டன் இடம் புதிதாக வரும். அப்போது பத்தாம் வருடம் 800 கேப்டன் இடம், உங்கள் எண் 751. நான்கு வருடம் முன்னாலேயே இடது இருக்கை.

இனி ஓய்வு வயது 67 ஆகிறது என்று வைத்து அதே கணக்கைத் திரும்பப் போடுங்கள். முதல் இரண்டு வருடம் யாரும் போக மாட்டார்கள். விமானம் கூடாத நிறுவனத்தில் உங்கள் 14 வருடம் 16 ஆகிறது. வளர்கிற நிறுவனத்தில் 10 என்பது 11 மட்டுமே ஆகிறது. வயது வரம்பு உயர்ந்தால் யாருக்கு அடி, எவ்வளவு அடி என்பது இந்த இரண்டு வரியில் தெரிந்துவிடும். தேங்கி நிற்கிற நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்குத்தான் அதிக வலி.

கணக்கில் இன்னொரு பத்தியும் சேர்க்க வேண்டும்: உங்களுக்குப் பின்னால் எத்தனை பேர்? சீனியாரிட்டி நடைமுறை உள்ள இடங்களில் ஆட்குறைப்பு வந்தால் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் வீட்டுக்குப் போவார். 1,201-வது ஆளுக்குப் பின்னால் யாரும் இல்லை. இரண்டே வருடத்தில் 150 பேர் பின்னால் சேர்ந்துவிட்டால் சின்னச் சரிவுகள் உங்களைத் தொடாது. சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் முதல் பேட்ச்சிலேயே சேர்ந்துவிடு என்று மூத்தவர்கள் சொல்வது இதனால்தான். ஒரு மாதம் முன்னால் சேர்ந்ததன் பலன் 30 வருடத்துக்குக் கூடவே வரும்.

எல்லா நிறுவனமும் இப்படி வரிசை பார்ப்பதில்லை. வளைகுடாவிலும் ஆசியாவிலும் பல இடங்களில் பறந்த மணிநேரம், மதிப்பீடு, ஒப்பந்தம் ஆகியவற்றை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். வெளிநாட்டுக் கேப்டன்களை ஒப்பந்தத்தில் வைத்திருக்கிற நிறுவனம் என்றால், அந்த ஒப்பந்தங்கள் முடிகிற தேதியையும் ஓய்வுத் தேதி போலவே உங்கள் அட்டவணையில் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: ஓய்வுக் கணக்கு மட்டும் போதாது

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 2020-ல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது, நிறுவனங்கள் பணம் கொடுத்து மூத்தவர்களை முன்கூட்டியே ஓய்வுக்கு அனுப்பின. டெல்டாவில் மட்டும் ஏறக்குறைய 1,800 விமானிகள் அப்படிப் போனார்கள். இரண்டு வருடத்துக்குள் பயணிகள் திரும்பிவிட்டார்கள்; விமானிகள் திரும்பவில்லை. 2022-ல் அங்கே பெரிய நிறுவனங்கள் எடுத்த விமானிகள் 13,000-க்கும் மேல். 2023-ல் 12,000-ஐத் தாண்டியது. 2024-ல் அதில் பாதிகூட இல்லை.

65 வயது ஆனவர்கள் 2024-லும் வழக்கம்போல ஓய்வு பெற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். அப்படியானால் ஆள்சேர்ப்பு ஏன் பாதிக்குக் கீழே போனது? 2024 ஜனவரி 5-ல் பறந்துகொண்டிருந்த ஒரு போயிங் 737 மேக்ஸ் 9 விமானத்தின் பக்கவாட்டுப் பலகை பிய்ந்து போனது. போயிங்கின் உற்பத்திக்குக் கட்டுப்பாடு வந்தது. செப்டம்பரில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கி 50 நாளுக்கு மேல் நீடித்தது. ஆர்டர் கொடுத்த விமானங்கள் வரவில்லை. யுனைடெட் நிறுவனம் அந்த வருடம் மே, ஜூன் மாதங்களில் புதிய விமானி வகுப்புகளையே நிறுத்தி வைத்தது. இன்னொரு பக்கம், 2023 முதல் பிராட் அண்ட் விட்னியின் ஒரு ரக என்ஜினில் உலோகத்தூள் குறை வெளிப்பட்டு, உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான ஏ320 குடும்ப விமானங்கள் பரிசோதனைக்காகத் தரையில் நின்றன. பறக்க விமானம் இல்லாதபோது விமானியை எடுத்து என்ன செய்வது? அதோடு, முந்தைய இரண்டு வருடம் எடுத்த ஆட்களே பயிற்சி முடித்து இருக்கைகளை நிரப்பிவிட்டார்கள்.

2022-ன் தலைப்புச் செய்தியைப் பார்த்துப் பயிற்சிக்குப் போனவர்கள் 2024-ல் கையில் லைசன்ஸோடு வெளியே வந்தார்கள். எனக்கு மனசு கேட்காத இடம் இதுதான். அவர்கள் திறமையில் ஒரு குறையும் இல்லை. கதவு திறந்திருந்த நாளில் கிளம்பி, அது பாதி மூடிய நாளில் போய்ச் சேர்ந்தார்கள்.

அதனால் அட்டவணையில் விமானங்கள் வருகிற வேகத்துக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். ஆர்டர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், வந்து சேர்ந்த எண்ணிக்கையைப் பாருங்கள். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், அதே வருடம் ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் அறிவித்தன. அவை பல வருடத்தில் சிறுகச் சிறுக வருபவை. வருகிறவற்றில் ஒரு பகுதி பழைய விமானத்தின் இடத்துக்குப் போகும்; அதனால் புதிய வேலை வராது. குறுந்தூர விமானம் ஒன்றுக்குச் சராசரியாக 10 முதல் 12 விமானிகள் வேண்டும். நீண்ட தூரப் பயணத்துக்கு ஒரே விமானத்தில் மூன்று நான்கு பேர் ஏறுவதால் அதைப்போல இரண்டு மடங்கு வரை போகும். இதை மனத்தில் வைத்து நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது, பறப்பதற்கு நடுவே விமானிக்குத் தர வேண்டிய ஓய்வுநேர விதி. விமானிகளின் களைப்பைக் குறைக்க விதி கடுமையானால், அதே அட்டவணையைப் பறக்க அதிக ஆட்கள் வேண்டும். அமெரிக்காவில் 2014 ஜனவரியில் அப்படி ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் வாராந்தர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது. இரவுத் தரையிறக்கங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. அதன் இரண்டாம் கட்டம் 2025 நவம்பரில் தொடங்கிய அடுத்த மாதமே, போதிய விமானிகள் இல்லாமல் ஆயிரக்கணக்கான பயணங்கள் ரத்தாயின. இப்படிப்பட்ட விதி வரப் போகிறது என்பது அரசின் அறிவிப்புகளில் மாதக்கணக்கில் முன்னதாகவே தெரியும். அதைப் படிக்கிற பழக்கம் உங்களுக்கு வேண்டும்.

இயந்திரமே ஓட்டிவிடும், ஒரே விமானி போதும் என்ற பேச்சு பலரைப் பயமுறுத்துகிறது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு, நடுவானில் ஒருவர் மட்டும் இருப்பதை ஆராய்ந்துவிட்டு, இரண்டு பேர் இருக்கும்போது கிடைக்கிற அதே பாதுகாப்பை உறுதி செய்ய முடியவில்லை என்று 2025-ல் சொல்லிவிட்டது. இப்போதைக்கு உங்கள் கணக்கில் இதைச் சேர்க்க வேண்டாம்.

ஆறாம் படி: பற்றாக்குறை எந்த இருக்கையில் என்று கேளுங்கள்

விமானி பற்றாக்குறை என்று செய்தி வரும்போதெல்லாம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: கேப்டனுக்கா, கோ-பைலட்டுக்கா? பெரும்பாலும் தட்டுப்பாடு இடது இருக்கையில்தான். ஆயிரக்கணக்கான மணிநேரம் பறந்த கேப்டன்கள், பயிற்றுநர்கள் கிடைப்பதில்லை. அதே ஊரில் 200 மணிநேர லைசன்ஸோடு நூற்றுக்கணக்கான பேர் வேலையில்லாமல் இருப்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். 2022-ல் அமெரிக்காவின் சின்ன நிறுவனங்கள் பல விமானங்களை நிறுத்தி வைத்ததற்கும் இதுவே பெரிய காரணம்: பெரிய நிறுவனங்கள் அவர்களுடைய கேப்டன்களை எடுத்துக்கொண்டுவிட்டன.

நுழைகிற கதவும் நாட்டுக்கு நாடு மாறும். 2009 பிப்ரவரி 12-ல் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407 எண் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து 2010-ல் சட்டம் வந்து, 2013 முதல் அங்கே விமான நிறுவனத்தில் கோ-பைலட் ஆகவே 1,500 மணிநேரம் வேண்டும் என்றானது. ராணுவ விமானிகளுக்கு 750, விமானப் படிப்பில் பட்டம் பெற்றவர்களுக்கு 1,000 என்று சலுகை உண்டு. விபத்துக்குள்ளான விமானத்தில் இருந்த இருவருமே 1,500-ஐத் தாண்டியவர்கள் என்பதால் இந்த எண் சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அங்கே லைசன்ஸ் எடுத்த பிறகு பயிற்றுநராக இருந்து மணிநேரம் சேர்க்க இன்னும் இரண்டு வருடம் போல ஆகும். ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் 200, 250 மணிநேரத்தில் கமர்ஷியல் லைசன்ஸ் எடுத்து, டைப் ரேட்டிங் முடித்து நேரே ஏ320-ல் ஏறலாம்.

எம்பிஎல் (பல விமானிகள் சேர்ந்து ஓட்டும் விமானத்துக்கான லைசன்ஸ்) என்ற வழியும் இருக்கிறது. ஐசிஏஓ 2006-ல் கொண்டுவந்தது. சிமுலேட்டரையும் சேர்த்து குறைந்தது 240 மணிநேரத்தில், ஒரு குறிப்பிட்ட நிறுவனத்துக்காகவே தயாராகிற லைசன்ஸ். அந்த நிறுவனம் நன்றாக இருந்தால் இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. நடுவில் அது ஆள் எடுப்பதை நிறுத்தினால், அந்த லைசன்ஸோடு வேறு நிறுவனத்துக்கு மாறுவது சிரமம். எம்பிஎல் எடுக்கிறவர்கள் அந்த ஒரு நிறுவனத்தின் அட்டவணையை இரண்டு மடங்கு கவனமாகப் போட வேண்டும்.

ஏழாம் படி: உங்கள் தேதிகளை அதே தாளில் வையுங்கள்

இப்போது நிறுவனத்தின் அட்டவணைக்குப் பக்கத்தில் உங்கள் பத்தியை எழுதுங்கள். பயிற்சி தொடங்கும் மாதம். லைசன்ஸ் வரும் மாதம். பள்ளி சொல்கிற காலத்தோடு ஆறு மாதம் கூட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் மழை, பழுது, தேர்வுத் தேதி எல்லாம் உண்டு. மணிநேரம் சேர்க்கிற காலம். வேலை கிடைக்காமல் காத்திருக்கக்கூடிய காலம் குறைந்தது 18 மாதம். கடைசி வரி, உங்கள் 65-வது பிறந்தநாள்.

35 வயதில் துறை மாறி வருகிறவருக்கு இந்தக் கடைசி வரி மிக முக்கியம். 38-ல் சேர்ந்தால் 27 வருடம். மேலே பார்த்த தேங்கிய நிறுவனத்தில் 14 வருடம் வலது இருக்கையில் போய்விட்டால் கேப்டனாக இருக்க 13 வருடம்தான் மிச்சம். அவர் வேகமாக வளர்கிற நிறுவனத்தைத் தேடிப் போவதுதான் சரி. 21 வயதுப் பிள்ளை பொறுமையாகப் பழைய, நிலையான நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

காத்திருக்கிற 18 மாதத்துக்கும் செலவு இருக்கிறது. லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டும், கருவிவழிப் பறத்தல் தகுதி காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மெடிக்கல் போட வேண்டும். கையில் இருக்கிற எல்லாப் பணத்தையும் பயிற்சிக்கே கட்டிவிட்டு இதற்கு மிச்சம் வைக்காததால் லைசன்ஸ் காலாவதியாகிப் போனவர்கள் பலர். ஆள்சேர்ப்பு மறுபடி தொடங்கும்போது, பறந்து சமீபமாகப் பழக்கத்தில் இருப்பவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

வேலை உறுதியாகாமல் சொந்தச் செலவில் டைப் ரேட்டிங் எடுக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் எடுத்தது போயிங் 737, அடுத்த ஆள்சேர்ப்பு ஏ320-க்கு என்றால் அந்தப் பணம் உங்களுக்கு உதவாது. பயன்படுத்தாத டைப் ரேட்டிங் காலாவதியும் ஆகும்.

எட்டாம் படி: கையெழுத்துப் போடுமுன்

நேர்முகத் தேர்வில் தேறியதும் வருகிற சந்தோஷத்தில் ஒப்பந்தத்தைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பயிற்சிப் பத்திரம் எத்தனை வருடத்துக்கு? நடுவில் போனால் கட்ட வேண்டிய தொகை வருடா வருடம் குறையுமா, கடைசி நாள் வரை முழுசாக நிற்குமா? சீனியாரிட்டி எண் எந்த நாளிலிருந்து: சேர்ந்த அன்றா, பயிற்சி முடித்த அன்றா? ஒரே பேட்ச்சில் இருப்பவர்களை எப்படி வரிசைப்படுத்துகிறார்கள், வயதை வைத்தா, தேர்வு மதிப்பெண்ணை வைத்தா? ஆட்குறைப்பு வந்தால் திரும்ப அழைக்கிற உரிமை எழுத்தில் இருக்கிறதா? போன வருடம் உண்மையில் எத்தனை பேர் கேப்டன் ஆனார்கள்? இத்தனையும் எழுத்தில் வேண்டும். மெடிக்கல் போனால் வருமானத்துக்கு என்ன வழி என்பதையும் கேளுங்கள். லைசன்ஸ் இழப்புக் காப்பீடு நிறுவனம் தராவிட்டால் நீங்களே எடுங்கள், இளம் வயதிலேயே எடுங்கள்.

65-க்குப் பிறகும் ஆளை ஒரேயடியாக வீட்டில் உட்கார வைப்பதில்லை. சிமுலேட்டர் பயிற்றுநராக இருக்கலாம். சில நாடுகளில் தனியார் ஜெட் ஓட்டலாம். பயிற்றுநர் தகுதியைப் பாதி வழியிலேயே எடுத்து வைப்பவர்களுக்கு அந்தக் கதவு எளிதாகத் திறக்கும். மெடிக்கல் போனவர்களுக்கும் சிமுலேட்டர் வேலைதான் பெரும்பாலும் கைகொடுக்கிறது.

அட்டவணையை ஒரு தடவை போட்டு மூடி வைக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மெடிக்கல் தேதியோடு சேர்த்துத் திருத்துங்கள். வந்து சேர்ந்த விமானங்கள், அந்த நிறுவனம் நடத்திய புதிய வகுப்புகள், கேப்டன் ஆனவர்கள் என்று மூன்று எண்ணை மாற்றினால் போதும். ஓய்வு வயது பற்றிய செய்தியையும் பார்த்துக்கொண்டே இருங்கள். அமெரிக்காவில் 2023-ல் நாடாளுமன்றத்தின் கீழவை 67-க்கு ஒப்புக்கொண்டது. 2024 மே மாதம் கையெழுத்தான சட்டத்தில் 65-தான் நின்றது. 2025-ல் விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐஏடிஏ, ஐசிஏஓ பேரவையிடம் 67 கேட்டது, அது ஏற்கப்படவில்லை. மறுபடி கேட்பார்கள். அது என்றைக்கு நிறைவேறினாலும், உங்கள் தாளில் ஓய்வு எண்ணிக்கைக்கு நேரே அடுத்த இரண்டு வரியில் பூஜ்யம் போட்டு, மீதியை இரண்டு வருடம் கீழே தள்ளி எழுதிக்கொள்ளுங்கள்.